இருபது வீட்டுக்கு ஒரு துப்பாக்கி

நான் மருமகளாக வந்து இறங்கிய அன்று என் மாமனார் வாசலில் நின்று எனக்காக ஒரு வெடி வெடித்தார். ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்தில் அது ஒரு மரியாதை. துப்பாக்கி இருக்கிற வீட்டுக்குப் புதுப்பெண் வந்தால் வானத்தைப் பார்த்து ஒன்று விடுவார்கள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்டசாட்டமான ஆள், விளக்கெண்ணெய் போட்டு முறுக்கிய மீசை. துப்பாக்கியைத் தூக்கினார், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினார், கசப்பு மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். அப்புறம்தான் விசையை இழுத்தார். புகை கலைந்ததும் கண்ணைத் திறந்து, மீசையை நீவிக்கொண்டு ஊரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன். என் வீட்டுக்காரர் காதோரமாகச் சொன்னார்: "சிரிக்காத. ஊருக்கே தெரியும். அவுரு எதுர்ல யாரும் பேசறதில்ல."

எழுபதுகளின் பாதி அது. எங்கள் ஊரில் இருபது வீடு, ஒரே துப்பாக்கி. குழாய் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து, ஈயக்குண்டு போட்டு, பின்னால் பொறி தட்டுகிற ஒரு கேப்பு வைத்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. வெள்ளாமையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றத்தான் அதற்கு லைசன்சு கொடுத்திருந்தார்கள். லைசன்சு மாமனார் பேரில். அந்தக் காலத்தில் ஊரிலேயே கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானாம். துப்பாக்கியோ அவர் தம்பி கையில், அதாவது என் சின்ன மாமனார் கையில். அவர் குறி வைத்தால் தப்பாது. சாமைக் கதிர் பால் பிடிக்கிற நாளிலிருந்து அறுப்பு வரைக்கும் துப்பாக்கி ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்து, அதாவது மலைச்சரிவு நிலத்திலிருந்து, இன்னொரு வீட்டுக் கொல்லைக்குப் போகும், கூடவே சின்ன மாமனாரும் போவார். எந்தக் கொல்லையில் காவலோ அந்த வீட்டில் அவருக்குச் சோறு. மாமனாருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, வருஷக் கடைசியில் லைசன்சைப் புதுப்பிக்க அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திருப்பத்தூர் போய்வருவதைத் தவிர. அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்க மீசை வளர்த்தார் என்று நான் சொல்வதுண்டு.

அப்புறம்தான் அரசாங்க உத்தரவு ஒன்று வந்தது. தலையாரி கொண்டுவந்து கொடுத்த காகிதத்தை, எட்டாவது வரை படித்தவள் என்பதால் நான்தான் வாசித்துக் காட்டினேன். லைசன்சு யார் பேரில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் துப்பாக்கியைத் தொடலாம். கரிமருந்தும் ஈயமும் லைசன்சில் குறித்த அளவுக்கு மேல் வாங்கக்கூடாது, கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் லைசன்சின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புதுப்பிக்கும்போது துப்பாக்கி எதற்குத் தேவை என்று நேரில் காரணம் சொல்ல வேண்டும். பேர் மாற்றக் கேட்டால் லைசன்சு ரத்து, புதிதாக யாருக்கும் கிடையாது. நான் படித்து முடித்ததும் மாமனார், "இன்னொரு வாட்டி படி" என்றார். இரண்டாவது தரமும் அதுவேதான் எழுதியிருந்தது.

மலை முழுக்க அதே பேச்சு. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகக் குதித்தார்கள். கிழக்கே ஒருவர் தன்னுடையதைச் சாக்கில் சுற்றிப் புளியமரப் பொந்தில் செருகிவிட்டு, திருடு போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்னொருவர் அடுத்த நாளே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்து, எழவு விழுந்த வீடு மாதிரி தின்னாமல் படுத்துக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர்கள், "மலை மேல வந்து எவன் பாக்கப் போறான்? எப்பவும் போல சின்னவரே வெச்சிக்கட்டும்" என்றார்கள். மாமனாரும் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டியிருக்கக்கூடாது. பத்து நாளில் சோதனைக்கு ஆள் வந்தது. சின்ன மாமனார் துப்பாக்கியோடு நடுக்கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். வந்தவர் நல்ல மனுஷர், வழக்குப் போடவில்லை. "இன்னொரு தடவை பேருக்குரியவர் கையில இல்லாம பாத்தேன்னா, துப்பாக்கியும் போகும், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் உள்ள போவீங்க" என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார்.

அந்த வருஷம் பாதி வெள்ளாமையைப் பன்றி தின்றது. மாமனார் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு கொல்லையில் நின்றால் பன்றி இன்னொரு கொல்லையில் மேய்ந்தது. இருபது வீட்டுக் கொல்லையும் இருபது சரிவில் சிதறிக் கிடந்தால் ஒரு மனுஷர் எங்கே என்று ஓடுவார்? கோடையில் பல வீடுகளில் சாமைக் குதிர் காலியாகிவிட்டது. காட்டுக் கிழங்கைத் தோண்டி வேகவைத்துத் தின்றோம். அடுத்த வருஷமும் இப்படிப் போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிக் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்று நாலைந்து வீட்டில் முடிவே செய்திருந்தார்கள்.

ஆனி மாதத்தில் விதைப்புக்கு முன்னால் ஊர்க்கூட்டம் நடக்கும். அதில் மாமனார் எழுந்து சொன்னதை நான் பின்னால் நின்று கேட்டேன். "துப்பாக்கி உங்க கொல்லைக்கு வரக்கூடாதுன்னு சட்டம் சொல்லுது. உங்க சாமை எங்கொல்லைக்கு வரக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லல. இந்த ஒரு வருஷம் அல்லாரும் என் வூட்டு எதுர்ல இருக்கற சரிவுலயே சாமை போடுங்க. உங்க நெலத்துல எண்ணெய்க்குப் பேயெள்ளு வெதச்சிக்கங்க, அத பன்னி மோந்துகூடப் பாக்காது." அந்தச் சரிவுதான் எங்கள் வீட்டின் சொத்து. ஊரிலேயே மண் கனமுள்ள இடம். அதை இருபது பங்காகக் கயிறு போட்டுப் பிரித்து, பாறையோரம் காட்டை ஒட்டிய கடைசிப் பங்கைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜென்மம் இல்லை நான். வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன்: "மாமா, நல்ல மண்ண ஊருக்குக் குடுத்துட்டு நாம பாறைய நக்கறதா? எம்பிள்ளைக்கு நான் இன்னா ஊத்தறது?" மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தார். மாமனார் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "லைசன்சு எம்பேர்ல இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். நான் ஒரு மாதம் அவருக்குப் பரிமாறினேனே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை.

வாணியம்பாடியில் ஒரு பாய் கடையில்தான் மருந்து வாங்குவது. என் வீட்டுக்காரர் கூடப் போயிருந்தார். "முன்னே மாதிரி இல்லே கவுண்டரே, எழுதினதுக்கு மேலே ஒரு சிட்டிகை குடுத்தா நம்ம கடைக்குப் பூட்டுதான்" என்று சொல்லிவிட்டு பாய் கரிமருந்தையும் கேப்பையும் அளந்து வைத்திருக்கிறார். ஈயம் எடுக்கப் போனபோது மாமனார் அவர் கையை அமர்த்தி, "அது வேணாங்க பாய்" என்றாராம். பாய் திகைத்துப் போய்ப் பார்த்திருக்கிறார். காரணத்தை வழியில் மகனிடம்தான் சொன்னாராம்: "இருபது வூட்டு ஜனம் ஒரே கொல்லையில நிக்குது. கண்ண மூடிக்கினு சுடறவன் குண்டு போட்டா எவன் மேல படும்னு யாரு கண்டா?"

கதிர் பிடித்த நாளிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் பாறை மேல் போய் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் சரிவு முழுக்கத் தகரம் தட்டுவோம். தகரத்துக்கு மசியாமல் பன்றிக் கூட்டம் இறங்கினால்தான் ஒரு வெடி, மருந்து அறுப்பு வரை வர வேண்டுமே. சின்ன மாமனார் அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்பார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு. துப்பாக்கியைத் துடைக்கக்கூட மாமனார் விடமாட்டார். "ண்ணா, இன்னும் கொஞ்சம் பொறு... இப்ப விடு" என்று சொல்வது மட்டும்தான் அவர் வேலை. மலையிலேயே பெரிய குறிகாரர் அப்படி நிற்பதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் தகரத்தை இன்னும் ஓங்கித் தட்டுவேன். வெடிச் சத்தம் நாலு மலைக்கும் கேட்கும். பன்றி ஓடிவிடும், ஒன்றுகூடச் சாகாது. மார்கழிக்குள் களத்தில் இருபது குவியல் சாமை கிடந்தது.

புதுப்பிக்கப் போகும்போது படிவம் நிரப்ப என்னையும் கூட்டிப் போனார். திருப்பத்தூர் ஆபீஸில் மலைக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள், ஆளுக்கொரு துப்பாக்கி. புதிதாக வந்திருந்த அதிகாரி எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: இந்த வருஷம் எத்தனை பன்றி சுட்டாய்? முதல் ஆள் பெருமையாக மூன்று என்றார். வனத்துறை அனுமதி இல்லாமல் எப்படிச் சுட்டாய் என்று கேட்டு, வனத்துறைக்கு எழுதச் சொல்லி அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்த அடுத்தவர் ஒன்றுமே சுடவில்லை என்றார். அப்படியானால் துப்பாக்கி எதற்கு என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். எதைச் சொன்னாலும் போச்சு. ஒரு ஊர்ச் சோறே அந்த மேஜை மேல் இருந்தது.

மாமனார் முறை வந்தது. மீசையை நீவிக்கொள்ளவில்லை. "ஒன்னும் அடிக்கலீங்க. நான் சுட்டா ஒன்னும் படாதுங்க. ரெண்டு கண்ணையும் மூடிக்குவேன்" என்றார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள், சம்பந்திகள். கொல்லென்று சிரித்தார்கள். குமாஸ்தாவும் சிரித்தார். அதிகாரி, "அப்புறம் உனக்குத் துப்பாக்கி எதுக்குய்யா?" என்றார். "சத்தத்துக்குங்க. இருபது வூட்டு சாமை அந்தச் சத்தத்துலதான் வெளஞ்சுதுங்க." அதிகாரி நம்பாமல் லைசன்சைத் திருப்பினார். பின்பக்கத்தில் பாயின் எழுத்தில் கரிமருந்து இருந்தது, கேப்பு இருந்தது. ஈயத்துக்கான இடம் வருஷம் முழுக்கக் காலியாக இருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு, "உக்காருங்க பெரியவரே, காகிதம் ரெடியானதும் வாங்கிட்டுப் போங்க" என்றார்.

செய்தி எங்களுக்கு முன்னால் மலையேறிவிட்டது. சின்ன மாமனார் வழியிலேயே நின்று கேட்டார்: "ண்ணா, சம்பந்திங்க எதுர்லயா போய் அதச் சொன்ன?" மாமனார், "சொல்லலேன்னா துப்பாக்கி போயிருக்கும்டா. மானம் போனா நாளைக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். அந்த மனுஷரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இந்த வீட்டில் வந்து விழுந்ததற்கு நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

இப்போது மலைக்கு ரோடு இருக்கிறது, பஸ் வருகிறது, கொல்லைக்குக் கம்பி வேலி போடுகிறார்கள். அவர் போன பிறகு துப்பாக்கியை முறைப்படி நாங்களே ஒப்படைத்துவிட்டோம். அவர் ஏதோ புலியை அடித்த வேட்டைக்காரர் என்று பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்திச் சொன்னால் நம்புவதில்லை. உயிர் ஒன்றைக்கூடக் கொல்லாமல் ஊரைக் காப்பாற்றியவர் என்று சொல்லும்போது என் குரல்தான் உசந்துவிடுகிறது.

லைசன்சைப் புதுப்பித்துக்கொண்டு வந்த பிறகு, அடுத்த ஆனியில் மறுபடி கூட்டம் போட்டார்கள். ஒரு வருஷத்துக்கு என்றுதான் மாமனார் சொல்லியிருந்தார். இரண்டாம் தரம் நிலம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. கொடுக்கிறேன் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை, என் கோபம் அவருக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பொம்பளைகள் பேசுவதில்லை. நான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் போய், "கயிறு எங்க? போன வருஷம் போட்ட மாதிரியே போடுங்க. பாறையோரப் பங்க எங்களுக்கு வையுங்க" என்றேன்.