பூட்டக்காவின் இடது கை

அந்தத் தெருவில் அவளைப் பூட்டக்கா என்றுதான் சொல்வார்கள். வீட்டைப் பூட்டுவாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள், நாலு எட்டு வைப்பாள், திரும்பி வந்து மறுபடியும் இழுப்பாள். தெருமுனை போனதும் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வந்துவிடும். அவ்வளவுதான், போன காரியம் அம்போ. பயப்படுவதற்கென்றே பிறந்தவர்கள் சிலர் இருக்கிறார்களே, அந்த ரகம். இடி இடித்தால் பயம், லாரி வந்தால் பயம், போன் விடாமல் அடித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயம்.

இப்படிப்பட்டவள் பார்த்த தொழிலைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எண்ணெயையும் மெழுகையும் அடுப்பில் வைத்துக் காய்ச்சுகிற தொழில். அம்பர் களிம்பு. அம்பர் என்பது வேறொன்றுமில்லை, எந்தக் காலத்திலோ மரத்தில் வடிந்து, மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப்போன பிசின். தேன் நிறத்தில் கட்டி கட்டியாக வரும். பின்கட்டு அறையில் அதைப் பொடித்து, சலித்து, எண்ணெயில் ஊறப்போடுவாள். கொதிக்கிற தண்ணீருக்குள் பாத்திரத்தை இறக்கிப் பதமாகச் சூடு காட்டித் துணியில் வடிகட்டுவாள். பிறகு தேன்மெழுகு சேர்த்துச் சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி வைப்பாள். அம்பருக்கென்று பெரிதாக வாசனை கிடையாது என்பதால் வாசனைக்கு இன்னும் இரண்டு மரப்பிசின்களைச் சேர்ப்பது அவள் வழக்கம்.

முட்டிவலிக்காரர்கள் வாங்குவார்கள். அழகுநிலையக்காரி முகத்துக்குப் பூச மொத்தமாக எடுத்துப் போவாள். தூக்கம் வராதவர்கள் பிசின் தூளை வாங்கிப்போய், சூடான தட்டில் தூவி அந்த வாசனையில் படுப்பார்கள். பூட்டக்காவுக்குத் தூக்கம் வருகிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு தடவை காய்ச்சியதும் இடது முழங்கையின் உட்புறத்தில் ஒரு விரல் களிம்பு எடுத்துத் தடவிக்கொள்வாள். மறுநாள் வரை பொறுத்துப் பார்ப்பாள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால்தான் டப்பா வாசல் தாண்டும். அந்த விஷயத்தில் அவளை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. வாங்க வருகிறவர்களிடம் அந்தக் கையை நீட்டுவாள்.

"என் கையைப் பாருங்க. இதுக்கே ஒண்ணும் ஆகலன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

கை பளபளவென்று குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும். வியாபாரத்துக்கு வேறென்ன வேண்டும்?

தனிக்கட்டை. ஒரே தங்கை, பக்கத்துத் தெரு. தங்கைக்கு ஒரே மகள், இன்னும் பள்ளிக்கூடம் போகாத வாண்டு. பூட்டக்காவுக்கு உயிரே அதுதான். வாண்டுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் ஓயாத அரிப்பு. ரத்தம் வரும் வரை சொறிந்துகொள்ளும்.

"ஊருக்கெல்லாம் களிம்பு குடுக்கிற. இவளுக்குக் குடுக்க மாட்டியாக்கா?" என்று தங்கை ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"சின்னப் புள்ளடி. பயமா இருக்கு."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்ல, சொல்லு."

மனசு கேட்கவில்லை. எண்ணெயைக் கூட்டி, பிசினைக் குறைத்து, தனியாக ஒரு டப்பா காய்ச்சினாள். வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒருநாள் கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. தினமும் அவளே போய்ப் பூசிவிட்டாள். வாண்டு நெளியும், சிரிக்கும், "கூசுது பெரிம்மா" என்று காலை உதறும். அரிப்பு கொஞ்சம் அடங்கியது. தங்கை அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

அன்றைக்கு மதியம் வாண்டு முழங்கையைப் பச்சைப் புண்ணாகச் சொறிந்து வைத்திருந்தது. பாவம், எரியுமே என்று பூட்டக்கா வழக்கத்தைவிடத் தாராளமாகவே பூசினாள். பூசிய கையைத் துடைத்துக்கொண்டு தங்கையோடு பேசிக்கொண்டிருந்தபோது, வாண்டு கரகரத்த குரலில் அம்மாவைக் கூப்பிட்டது. திரும்பிப் பார்த்தால் உதடு தடித்திருந்தது. கண் இடுங்கியிருந்தது. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது, மூச்சு விட முடியல போலிருக்கே."

பூட்டக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எத்தனையோ வருஷமாக எது எதற்கோ பயந்து செத்தாளே, அந்தப் பயங்களில் ஒன்றிலாவது இப்படி ஒன்று வந்ததா? பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். போகிற வழியெல்லாம் குழந்தையின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் பூட்டக்கா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு திறந்து கிடந்ததா பூட்டிக் கிடந்ததா என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கி உள்ளே கொண்டுபோய் ஊசி போட்டார்கள். திரையை இழுத்து மூடினார்கள். கொஞ்சம் கழித்து நர்ஸ் வெளியே வந்தாள்.

"என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா. நான்தான் இதைப் பூசினேன்." டப்பா அவள் கையிலேயே இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

நர்ஸ் திறந்து மோந்து பார்த்தாள். "பிசினா? இதெல்லாம் சிலருக்கு ஆகவே ஆகாதும்மா. அதுவும் புண்ணு மேல, தினமுமா? யாருக்காவது பூசிப் பாத்தீங்களா?"

பூட்டக்கா பழக்க தோஷத்தில் இடது கையை நீட்டினாள். நர்ஸ் அதைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, அலுப்பாகத்தான் சொன்னாள்.

"உங்க கைக்கு ஒத்துக்கிச்சுன்னா உங்க கைக்கு ஒத்துக்கிச்சு, அவ்வளவுதான். இது அவ கை இல்லையே."

நர்ஸ் திரைக்குள் போய்விட்டாள். பூட்டக்கா நீட்டிய கையை மடக்க மறந்து நின்றாள். இவ்வளவு சின்ன விஷயம், இது ஏன் ஒருநாளும் தனக்குத் தோன்றவில்லை? அழகுநிலையத்துக்குப் போன டப்பாக்கள், முட்டிவலிக்காரர்கள் வீட்டு அலமாரிகளில் இருக்கிற டப்பாக்கள் எல்லாம் கண்முன் வந்து நின்றன. ஆனால் அதற்கெல்லாம் அப்புறம் அழுதுகொள்ளலாம். இப்போது காது திரையை விட்டு நகரவில்லை. அந்த விசில் சத்தம் கேட்டால் பயம், கேட்காமல் போனால் அதைவிடப் பயம். எனக்கு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், அதுக்கு மூச்சு மட்டும் வந்துவிடட்டும் என்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு முனகினாள்.

வந்துவிட்டது. டாக்டர் திரையை விலக்கி, "இனி பயமில்ல. இன்னைக்கு இங்கயே இருக்கட்டும்" என்றார்.

தங்கை ஓடினாள். பின்னாலேயே பூட்டக்காவும் ஓடினாள். கட்டிலில் மூக்கையும் வாயையும் மூடிய ஆக்சிஜன் மாஸ்க்கோடு வாண்டு படுத்திருந்தது. வீக்கம் பாதி வடிந்திருந்தது. மார்பு சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. அதைப் பார்த்தாளோ இல்லையோ, பூட்டக்காவுக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. தலையைத் தடவப் போனாள்.

வாண்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தது. பார்த்ததும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு தலையணைக்குள் புதைந்தது.

"பூசாத பெரிம்மா. பூசாத."

"பூச மாட்டாங்கடா செல்லம்" என்றபடி தங்கை கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இல்ல கண்ணு, பாரு, கையில ஒண்ணுமே இல்ல." பூட்டக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். குழந்தை வீறிட்டு அம்மாவின் மடியில் முகத்தை மறைத்துக்கொண்டது. மார்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

தங்கை நிமிரவில்லை. "கொஞ்ச நேரம் வெளிய இருக்கா" என்றாள்.

வாண்டின் அந்தப் பார்வை பூட்டக்காவுக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து அவள் கண்ணிலேயே இருந்த பார்வை அது. ஆனால் அவளைக் கண்டு ஒரு உயிர் பயப்படுவது இதுதான் முதல் தடவை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, சத்தம் வராமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தாள்.

அவள் கதவைத் தாண்டியதும் உள்ளே அழுகை நின்றுவிட்டது.