நான் துப்பிய கொய்னா

ஜப்பான்காரன் ஆட்சியில் யாரைத்தான் நம்பினோம்? பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா வாசலில் நின்றாலே, எதை ஒட்டுக்கேட்கிறார் என்று தோன்றும். என் சந்தேகம் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே, என் ஓரகத்தி மேல் விழுந்தது.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்க்காய்ச்சல் வந்து கட்டிலோடு சேர்த்து ஆட்டியது. ஓரகத்திக்குப் பிள்ளை இல்லை. அவள் கணவரைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அவள்தான் எனக்குக் குளிர்க்காய்ச்சலை அடக்கும் கொய்னா மாத்திரை கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரியிலேயே மருந்துக்குப் பஞ்சம், இவளுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? கேட்டதற்கு, "ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற டிரெஸ்ஸரய்யா குடுத்தாரு. வெளிய சொல்லிடாத லா, அவரு தலை போயிடும்" என்றாள்.

கொய்னா கருவைக் கலைக்கும் என்பது எங்கள் வீட்டு வரிசைப் பெண்களின் பேச்சு. அது அவள் காதில் மட்டும் விழாமலா இருக்கும்? தனக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம் என்று நினைக்கிறாள் என்றே முடிவுகட்டினேன். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீர் குடித்துக் காட்டி, அவள் நகர்ந்ததும் பின்பக்கச் சாக்கடையில் துப்பிவிடுவேன். கசப்பில் முகம் கோணும். அதைப் பார்த்து அவள் நிம்மதியாகப் போவாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிள்ளை ஒரு மாதம் முந்திக்கொண்டு, உச்சிவேளையில் பிறந்தது. பெண். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. நஞ்சுக்கொடியைக் கழுவிப் புதைக்கச் சட்டியில் எடுத்த மருத்துவச்சி அப்படியே நின்றாள். சிவப்பாக இருக்கவேண்டியது கரி பூசியதுபோல் இருந்தது.

"யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்றாள்.

நான் ஓரகத்தியைத் தேடினேன். அவள் அதற்குள் டிரெஸ்ஸரை அழைத்துவர ஓடியிருந்தாள். அவர் வந்து சட்டியைக் குனிந்து பார்த்தார்.

"செய்வினையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மலேரியா. கிருமி இதுக்குள்ள வந்து அடைஞ்சிருக்கு. கொடி புண்ணாகி, பிள்ளைக்குப் போற சத்து கொறைஞ்சுபோச்சு." என் பக்கம் திரும்பினார். "கொய்னா ஒழுங்கா சாப்பிட்டியாம்மா? சாப்பிட்டிருந்தா இவ்வளவு ஆயிருக்காதே."

"சாப்பிட்டேன்."

ஓரகத்தி சீறினாள். "என் கண்ணு முன்னாடி முழுங்கினா! நீங்க குடுத்தது மாவு மாத்திரையா? எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட ஒண்ணும் தொடாம அவளுக்கே குடுத்தேனே!"

வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். திருட்டுத்தனமாகக் கொடுத்த மருந்து ஊருக்கே தெரிந்துவிட்டது. டிரெஸ்ஸர் முகம் வெளுத்தது. என்னையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. பிள்ளையைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

மகள் பிழைத்தாள். ஓரகத்திதான் அவளை இரவு பகலாக நெஞ்சோடு கட்டிக்கொண்டு காப்பாற்றினாள்.

இரண்டு மாதம் கழித்துக் கடைசி வீட்டுக் கர்ப்பிணிக்கும் அதே குளிர்க்காய்ச்சல் வந்தது. தன்னிடம் மருந்தே கிடையாது என்று டிரெஸ்ஸர் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். நடுங்கிக்கொண்டே எங்கள் வாசலில் நின்றாள்.

"அது வெறும் மாவு மாத்திரைதானாமே, அக்கா? கிடைக்காததும் நல்லதாப் போச்சு, இல்ல?"

"ஆமா" என்றேன்.