கான் தண்ணீரும் கரையும் சிலிக்கோனும்

1. உருண்டது

சேம்பிலையின் மேல் மருந்துத் துளி முத்துப்போல நின்றது, யோசித்தது, பிறகு உருண்டு கீழே விழுந்தது. கூடவே என் வேலையும் உருண்டது.

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எஸ்டேட், எண்ணெய்ப்பனைத் தோட்டம். ஈரமான பகுதிகளில் காட்டுச் சேம்பு காடாக மண்டும். அதன் இலையில் மெழுகு. எந்தக் களைக்கொல்லியை அடித்தாலும் ஒட்டாது. அதற்குத்தான் எங்கள் சரக்கு: தண்ணீரில் கரையும் சிலிக்கோன். சாதாரண சிலிக்கோன் எண்ணெய் தண்ணீரோடு சேராது. அதன் சங்கிலியில் தண்ணீருக்குப் பிடித்தமான ஒரு வாலைக் கோத்துவிட்டால் கரையும். ஷாம்பு, பெயிண்ட், மெத்தை ஸ்பஞ்சு என்று எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்துச் சரக்கு இருக்கிறது. களைக்கொல்லியில் கொஞ்சம் கலந்தால் துளி நிற்காது, இலை முழுக்கப் படரும். பத்தாங் காலி ஊரில் எங்கள் சின்னத் தொழிற்சாலைக்குப் பின்னால் நானே கலந்து அடித்தபோது அப்படித்தான் படர்ந்தது.

இங்கே துரை முன்னால் உருண்டது. துரை என்றால் எஸ்டேட் மேனேஜர். முப்பத்தைந்து வயது ஈப்போக்காரர். அதிகம் பேசமாட்டார்.

"குணா, நீங்க சொன்ன சாமான் இதானா?"

"இதான் சார். இல... கொஞ்சம் தூசியா இருக்கு சார்."

மருந்து அடிக்கும் பெண்களை மேய்க்கும் மண்டோர் ராஜம்மா அக்கா முதுகுப் பம்பை இறக்கி வைத்தார். "தூசியா? நேத்து முழுக்க மழ லா. நீங்க வேணும்னா துண்டு எடுத்துத் தொடச்சி விடுங்க, நாங்க அடிக்கிறோம்."

பெண்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்கலாம். இல்லன்னா மருந்துல எப்பவும் கலக்குற பழைய சோப்பே போதும்" என்று சொல்லி மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

அன்று திங்கள்.

2. பயந்தது

முதலாளிக்குப் போன் செய்தேன். "இந்த எஸ்டேட் வேணாம்னு சொன்னா சிலிக்கோன் டாங்க மூடிடுவேன் குணா. பழையபடி பாத்திரம் கழுவுற சோப்புதான். அதுக்கு கெமிஸ்ட் தேவையில்ல" என்றார். குரலில் கோபமே இல்லை.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் எவ்வளவு பயப்படலாம் என்பதற்கு அளவு கிடையாது. பக்கத்துப் பாசிர் பெனம்பாங்கில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸைத் தொடாமல், போனில் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்ததால் அனுப்பவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு சேம்புச் செடி. ஒரு குவளை பைப்புத் தண்ணீரில் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டு, ஸ்பூனால் இலையில் தெளித்தேன். பளிச்சென்று இலை முழுக்கப் படர்ந்தது. வழுக்கைத் தலையிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அங்கேயும் படர்ந்தது. கடைக்காரர் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஆக, பாட்டிலில் குற்றமில்லை. கடிதத்தை அழித்தேன். காரணம் தெரியாமல் இந்த எஸ்டேட்டை விட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

3. பார்த்தது

மூன்று நாள் ராஜம்மா அக்கா கூட்டத்தின் பின்னாலேயே நடந்தேன். பம்பு, நாஸில், இலை, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். வியாழன் பிற்பகல், வேலை முடிந்து எல்லாரும் கிளம்பும் நேரம், இரண்டு பெண்கள் வடிகால் கானிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். களைக்கொல்லி ஊற்றினார்கள். என் பாட்டிலையும் திறந்தார்கள்.

"அக்கா, அடிக்கிறது நாளைக்குத்தானே? இப்பவே ஏன் கலக்குறீங்க?"

"காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டு, அப்புறம் தண்ணி மொண்டு கலக்குனா வெயில் ஏறிடும் சார். எப்பவும் மொத நாளே கலந்து வச்சிருவோம். சோப்பு ஒன்னும் ஆவாதே."

திங்கட்கிழமை நான் வந்தபோது, முன்பே அனுப்பியிருந்த என் பாட்டிலும் கலந்து டிரம்கள் தயாராக இருந்தன. பிரமாதம் என்று மகிழ்ந்துபோனவன் நான்தான்.

கான் தண்ணீர் தேயிலைச் சாயம்போல இருந்தது. சதுப்பு மண்ணில் ஊறி வருவது. பையிலிருந்த பி.எச். காகிதத்தை நனைத்தேன். நாலுக்கும் கீழே. நல்ல புளிப்பு. நடுநிலைத் தண்ணீரில்தான் எங்கள் சிலிக்கோன் தாக்குப்பிடிக்கும். புளிப்பில் ஒரு ராத்திரி ஊறினால் சிலிக்கோன்–ஆக்ஸிஜன் பிணைப்பு அறுந்து, படரும் குணமே போய்விடும். காலையில் அவர்கள் அடித்தது செத்த சரக்கு.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். 'கலந்த உடனே பயன்படுத்தவும்' என்று லேபிளில் எழுதியவனே நான்தான். ஆங்கிலத்தில், பாட்டிலின் அடியில், எறும்பு படிக்கும் அளவில். மேலே இடமில்லை, அங்கே செம்பனைப் படம் பெரிதாகப் போட்டிருந்தேன்.

4. படர்ந்தது

"இனிமே எல்லாத்தையும் காலையில கலக்கணும்க்கா" என்றேன்.

"முடியாது. லேட்டானா துரை எங்களத்தான் கேப்பாரு. உங்கள இல்ல."

"அப்போ என் வேல போச்சு."

அக்கா டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கெட்டுப்போறது உங்க சாமான் மட்டுந்தானே?"

"ஆமா."

"அப்ப அத மட்டும் காலையில பம்புல ஒரு மூடி ஊத்துனா என்ன? மத்தது எப்பவும் போல இருக்கட்டும்."

கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு மூன்று நாள் நடந்தும் தோன்றாதது இது. அன்று கலந்ததில் சிலிக்கோன் இன்னும் ஊற்றாத டிரம்மை மட்டும் மறுநாளுக்கென்று தனியாக வைத்தோம்.

வெள்ளி காலை. பம்புக்கு ஒரு மூடி, கடைசியில். துரை குனிந்து, ஈரமாய்ப் படர்ந்த இலையை விரலால் தொட்டார். "ம். செடி சாகட்டும், அப்புறம் பேசுவோம்" என்று போனார்.

இரண்டு வாரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு ராஜம்மா அக்காவின் குரல் செய்தி வந்தது: "சார், சேம்பு செத்துருச்சி. நீங்க பொழச்சிட்டீங்க."

செம்பனைப் படம் இப்போது லேபிளில் இல்லை. அந்த இடத்தில் மூன்று மொழியில் பெரிய எழுத்தில் இரண்டே சொல்: கடைசியில் ஊற்றவும். புது எஸ்டேட்டுக்குப் போனால் முதலில் பாட்டிலைத் திறப்பதில்லை. பிற்பகலில் போய், கானோரம் நின்று, யார் எப்போது எந்தத் தண்ணீரை மொள்ளுகிறார்கள் என்று பார்க்கிறேன். பிறகுதான் துரையைப் பார்க்கப் போகிறேன்.