மாதம்மாக்கா தோற்ற விளையாட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் மாவுக் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில், புதிய பாக்கெட் படத்துக்குக் கீழே செய்தி வந்தது: கம்பைநல்லூர் மாதம்மாக்கா காலமானார். சோதனைப் பிரிவில் வருடக்கணக்கில் கேழ்வரகு மாவை ருசி பார்த்தவர். படத்துக்கு வந்துகொண்டிருந்த கட்டைவிரல்கள் சட்டென்று நின்றன.

நல்லம்பள்ளியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கேம் நினைவிருக்கும். மாவு விற்பனைக்காக விளம்பரப் பிரிவில் நான் செய்யவைத்த செல்போன் விளையாட்டு. கொதிக்கிற பானையில் மாவைக் கொட்டி, விரலால் வேகமாகக் கிளறினால் களி தயார். வெளியிடுவதற்கு மூன்று நாள் முன்பு எல்லோரையும் ஆடச் சொன்னேன். எல்லோரும் ஜெயித்தார்கள். அக்கா மட்டும் மாவைக் கொட்டிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார். பானை தீய்ந்தது. மறுபடியும் தீய்ந்தது. எல்லோரும் சிரித்தோம், நான்தான் அதிகம்.

"போட்ட ஒடனே கெளறுனா கட்டி தட்டிக்கும்ங்க சார். மூடி வச்சு வேவ வுடணும்."

"அக்கா, இது கேமு" என்றேன், எரிச்சலாகவே.

மறுநாள் அடுப்பும் களித் துடுப்பும் கொண்டுவந்து முதலாளி முன்னாலேயே இரண்டு களி கிண்டினார். ஒன்று கேம் சொன்னபடி, ஒன்று தன் வழக்கப்படி. முதல் உருண்டையைப் பிட்டால் உள்ளே பச்சை மாவு. "கேமப் பாத்துக் கிண்டிட்டு நம்ம மாவத்தான் திட்டுவாங்க" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். வெளியீடு தள்ளிப்போனது.

புதிய கேமில், மாவு வேகும்போது திரையைத் தொட்டால் தோல்வி. கேம் நின்றுபோகிறது என்று புகார்கள் குவிந்தன. பதில் எழுதத் தெரியாமல் நான் முழித்தபோது அக்காதான் சொன்னார்: "நின்னு போவல, வேவுதுன்னு எழுதுங்க." அப்படியே எழுதினோம். ஜனங்களுக்கு அந்தப் பதிலே பிடித்துப்போனது.

பிறகு அந்தக் கேமுக்காக நடந்த பாராட்டுக் கூட்டத்தில், ஆடுபவர்களைக் காத்திருக்கவைத்தது யார் யோசனை என்று விருந்தினர் ஒருவர் மேடையில் கேட்டார். "எங்க டீமோட யோசனை" என்றேன். முன்வரிசையில் இருந்து அக்கா கைதட்டினார். அதற்கப்புறம் எத்தனையோ நாள் சேர்ந்து டீ குடித்தோம். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு இப்போது சொல்கிறேன்: அது மாதம்மாக்காவின் யோசனை.

ஊரே சிரித்தாலும் கைகட்டி உட்கார்ந்திருந்த அந்தப் பிடிவாதத்தை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன். கேமில் மாவு வேகும் நேரத்தில் திரை வெறுமையாக இருக்கும். நேற்று முதல் அங்கே அவர் பெயர் வருகிறது. தொடாமல் காத்திருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.