கெளுத்தி முள்ளுக்கு நான் சொன்ன வைத்தியம்: பிச்சாவரம், ஒரு நாள்

தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, யாரோ ஒருத்தி சொன்னாள் என்பதற்காக ஒரு பெண் ஏன் கைவிடுகிறாள்?

தை மாதம் உறவினர் திருமணத்துக்காகக் கடலூர் போனேன். அடுத்த நாள் வேலை எதுவும் இல்லாததால் பிச்சாவரம் கிளம்பினேன். காலை 7.10-க்குப் பேருந்து, 8.45-க்குச் சிதம்பரம். ஏறக்குறைய 45 கி.மீ., 45 ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் இன்னும் பதினைந்து கி.மீ. பத்து மணிக்குள் படகேறிவிடுங்கள். அதன்பின் வெயிலுக்குச் சுரபுன்னை மர நிழலும் உதவாது.

படகோட்டியின் பெயர் குமார். திரும்பும்போது துடுப்பில் பழைய வலை ஒன்று சிக்கியது. அதை விடுவிக்கும்போது, உள்ளே கிடந்த கெளுத்தி மீனின் முள் அவர் கட்டைவிரலின் அடியில் ஏறிவிட்டது. கரை சேர்வதற்குள் முகம் வெளுத்துப்போனது.

கரையில் டீக்கடை வைத்திருக்கும் அவர் மனைவி செல்வி, கையைப் பார்த்ததும் வெந்நீரை இறக்கினார்.

"சீசன் நேரத்துல கெளுத்திகிட்ட போய் வம்பு பண்ணியா? வா, வெந்நில முக்கு."

"ஏன், என் கையிலயே டீ போடப்போறியா?"

"வெந்நீர் வேணாங்க, இன்னும் வீங்கும். ஐஸ் வைங்க," என்றேன் நான்.

செல்வி என்னைப் பார்த்தார். "நாங்க எப்பவும் வெந்நிதான் மேடம்..." என்று இழுத்தவர், "சரி, படிச்சவங்க சொல்றீங்க" என்று பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஏற்றினார். ஐஸ் வந்தது. குமார் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் 12.20 பஸ்ஸைப் பிடித்தேன்.

மாலை சிதம்பரத்தில், அன்றிரவு தங்க எடுத்த விடுதி அறையிலிருந்து, மருத்துவரான தோழி ஒருத்தியை அழைத்துக் கேட்டேன்.

"வெந்நீர்தான்டி. அந்த விஷம் சூட்டுக்குத்தான் அடங்கும். ஐஸ் வைக்கச் சொன்ன அறிவாளி யாரு?"

போனை வைத்தேன். மணி ஐந்தரைதான். பிச்சாவரத்துக்கு ஆட்டோ கிடைத்திருக்கும். போகவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மீன்முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர், சூட்டை அடிபடாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள். வலி அடங்கும்வரை, ஒன்றரை மணி நேரம்வரைகூட வைத்திருக்கலாம். பிறகு கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும். முள் உள்ளே ஒடிந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

மறுநாள் காலை மறுபடி போனேன். படகில் வேறொருவர் இருந்தார். குமாருக்கு இரவெல்லாம் வலியாம், கை மணிக்கட்டுவரை வீங்கி, விடிந்ததும் மருத்துவமனையில் கீறி முள்முனையை எடுத்தார்களாம். இரண்டு வாரம் துடுப்பைத் தொடக்கூடாது. தோழி சொன்னதைச் செல்வியிடம் அப்படியே சொன்னேன்.

"உடுங்க மேடம்," என்றவர் மருந்துச் சீட்டை நீட்டினார். "இது எத்தினி வேளைன்னு படிச்சிச் சொல்லுங்க."

படித்துச் சொன்னேன். காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின்.