அப்பா விற்ற சுண்டல்

திருவொற்றியூரில் கடலை மறித்துக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் இன்று யாரோ சுண்டல் பொட்டலம் பிரித்தார்கள். அந்த மாங்காய் வாசனையில், கடல் தின்றுவிட்ட மணல் மறுபடி என் காலடியில் விரிந்தது. சின்ன வயதில் ஞாயிறு மாலைகளில் இங்கே நடந்தே வருவோம். அம்மா வீட்டில் அவித்த சுண்டலை அப்பா பழைய பேப்பரில் மடித்துக் கூடையில் அடுக்கிவந்து, எங்களை உட்காரவைத்துவிட்டுத் தூரப் போய், "சுண்டல், சூடா சுண்டல்" என்று கூவிக்கொண்டே வருவார், நானும் தம்பியும் கிளிஞ்சல்களைக் காசாகக் கொடுத்து வாங்குவோம்.

ஒருநாள் என் வகுப்புத்தோழி குடும்பத்தோடு வந்தவள், அப்பாவை நிஜ வியாபாரி என்றே நினைத்து, "எவ்ளோ?" என்றாள். என் முகம் எரிந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"சில்லற இல்லம்மா, சும்மா துன்னு" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, எங்களைத் தெரியாதவர்போல் கூவிக்கொண்டே தண்ணீரோரமாக நடந்தார்; அவர்கள் கிளம்பும்வரை திரும்பவேயில்லை.

"இன்னாத்துக்குடி தலய குனிஞ்சிக்கினு கீறே?" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிறு சுண்டல் டிபன் பாக்ஸில் வந்தது, ஸ்பூனோடு. "இப்டி துன்னா நீட்டா கீதுல்ல?" என்று அப்பா என்னிடம்தான் கேட்டார். விஷயம் தெரியாத தம்பி, கை நிறையக் கிளிஞ்சல்களோடு காத்திருந்தான்.