வேப்பமரத்து இரண்டு ஊஞ்சல்கள்

நெற்றியில் பூசிய புற்றுமண் காயக் காயத் தோலை இறுக்கிப் பிடிக்கும். கோமதியம்மன் கோயில் மண். சங்கரன்கோவிலில் காய்ச்சலுக்கும் அதுதான், பயத்துக்கும் அதுதான். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எங்கம்மா அதை என் நெற்றியில் அப்பி, இனிப் பள்ளிக்கூடமே வேண்டாமென்று வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டாள். நான் அதிகம் பேசாத பிள்ளை; அதிசயமாக வாய் திறந்ததால் வந்த வினை அது.

முந்தின நாள் எங்கள் டீச்சர் பள்ளிக்கூட வேப்பமரத்தில் எதிரெதிரே இரண்டு ஊஞ்சல் கட்டி, ஒன்றில் என்னையும் மற்றதில் செக்குக்காரர் மகள் பேச்சியையும் உட்காரவைத்து, காலைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளங்கையில் என் கையை வைத்துத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். அவள் பின்னால் போனாள், சரி. நானும் அல்லவா பின்னால் போனேன்! பேச்சி கையைச் சும்மாதான் வைத்திருந்தாள். டீச்சர் விளக்குமுன் மணி அடித்துவிட்டது. வீட்டில், "என்னை யாருமே தள்ளலம்மா, ஊஞ்சல் தானா போச்சு" என்றேன். "வேம்புலயா?" என்று அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க, "அந்தப் பிள்ள மேல அம்மன் எறங்கிட்டா" என்று ஆகிவிட்டது. மறுநாள் பேச்சி எங்கள் வாசலில் நின்று, "ஏட்டி, எனக்குக் குறி சொல்லுதியா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த நாள், பள்ளிக்கூடப் பதிவேட்டில் என் பெயரை அடிக்கச் சொல்ல ஐயா, எங்கப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பருத்திப் பொதி ஏற்றும் வண்டிக்காரர், ஆள் மலை மாதிரி. மரத்தடியில் யாரோ மஞ்சள் வைத்துச் சூடம் கொளுத்தியிருந்தார்கள். டீச்சர் பாளையங்கோட்டைப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். அதைக் கலைக்காமல் சுற்றி வந்து, "அண்ணாச்சி, பேர அடிக்க முன்ன ஒரு தடவ ஊஞ்சல்ல உக்காருங்க" என்றார்.

"நானா?"

"பிள்ளைக்காக."

கயிறு நெறுநெறுக்க உட்கார்ந்தார். எதிர் ஊஞ்சலில் நான்; இந்த முறை என் கைதான் சும்மா இருந்தது. அவர் தள்ளியதும் நான் வெகுதூரம் பறந்தேன். ஐயாவும் ஒரு சாண் பின்னால் நகர்ந்தார். முகம் மாறிவிட்டது.

"என்னத் தள்ளுனது யாரு?"

"உங்க மகதான். நீங்க எவ்வளவு தள்ளினியளோ அவ்வளவும் அவ கையில இருந்து உங்களுக்குத் திரும்பி வரும். உங்க கனத்துக்குக் கொஞ்சமா அசைஞ்சிய, அவ்வளவுதான்."

"இத்துனூண்டு கையா? அப்போ அம்மன் இல்லையா?"

"அத நான் சொல்ல மாட்டேன். ஆனா எந்த மரத்துல கட்டினாலும் இப்படித்தான் வரும்."

ஐயா எழுந்து பள்ளிக்கூடச் சுவரில் உள்ளங்கையை ஊன்றி அழுத்தினார். "இதும் என்னத் தள்ளுதா?"

"தள்ளுது."

அப்படியே நெடுநேரம் நின்றார். கோயிலுக்குள் கூட அவர் அத்தனை பணிவாக நின்று நான் பார்த்ததில்லை. பிறகு என் நெற்றி மண்ணைத் துண்டால் மெதுவாகத் துடைத்து, "வகுப்புல போய் உக்காரு மக்கா" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்விட்டார். அம்மாவிடம் என்ன சொன்னாரோ, அவளும் அப்புறம் தடுக்கவில்லை.

டீச்சர் அந்த வருஷமே மாற்றலாகிப் போனார். பள்ளிக்கூடமும் மரமும் இன்று இல்லை. அந்த இடத்தில் கடைகள் வந்துவிட்டன. மூன்றாவதோடு நின்றிருக்க வேண்டியவள் ஐந்தாவது வரை போனேன். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவள் இப்படிக் கோர்வையாக எழுதக் கற்றது அந்த இரண்டு வருஷத்தில்தான்.